எஞ்சின் எண்ணெயின் தரவெண்: பந்தயத்தட வெப்பத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மோட்டார் வாகனம் வைத்திருப்போர் அனைவரும் கண்டிருக்கும், ஆயின் அவர்களுட் பெரும்பாலோர் பொருள் தேடாத, எண்கள் சில உள. எஞ்சினுக்கு ஊற்றும் உராய்வுநீக்கி எண்ணெயின் கலத்தின்மீது 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என அச்சிடப்படுவனவே அவை. வாகனத்தோடு வரும் கைந்நூல் ஓர் எண்ணைக் கூறும். கராஜில் உள்ளவர் வேறோர் எண்ணைக் கூறுவார். எண்ணெய் விற்பவர் மூன்றாவதொன்றைக் கூறுவார். இவற்றுள் எது சரி என்ற வினாவுக்கு விடை காணுமுன், இவ்வெண் எதனை அளக்கின்றது, எந்நிலைமைக்காக வகுக்கப்பட்டது, யாருடைய நலனை முன்னிட்டு நிர்ணயிக்கப்பட்டது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும்.

சாதாரண வீதியில் மிதமான வேகத்திற் செல்லும் வாகனத்தில் இவ்வினாக்கள் கூர்மையடைவதில்லை. எஞ்சின் தனது ஆற்றலின் சிறு பகுதியையே அங்கு வெளிப்படுத்துகின்றது. ஆனால் அதே வாகனம் மூடிய பந்தயத் தடமொன்றில், இருபது முப்பது நிமிடங்களுக்குத் தொடர்ந்து முழு ஆற்றலோடு செலுத்தப்படும்போது எண்ணெயின் வெப்பநிலை வடிவமைப்பாளர் கருதிய எல்லையை அணுகுகின்றது. சில வேளைகளில் அதனைக் கடக்கின்றது. எனவே எண்ணெயின் இயல்பை ஆராய விரும்புவோர்க்குப் பந்தயத் தடம் ஓர் ஆய்கூடம் போன்றது. அங்கு வெளிப்படும் உண்மைகள் பந்தயத்தில் நாட்டமில்லாத வாகன உரிமையாளருக்கும் சாரதிக்கும் பொருந்துவன என்பதை இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட முயல்கின்றோம்.

1. பாகுநிலையும் எண்ணெய்ப் படலமும்

ஆங்கிலப் பேச்சு வழக்கில் எண்ணெயின் தரவெண்ணை அதன் 'நிறை' என்று கூறுவர். முப்பது நிறை எண்ணெய், நாற்பது நிறை எண்ணெய் என்பன அவ்வழக்கின. இது பொருத்தமற்ற சொல். தரவெண்ணுக்கும் நிறைக்கும் தொடர்பில்லை, அடர்த்திக்கும் தொடர்பில்லை. இருபதாந் தர எண்ணெயும் ஐம்பதாந் தர எண்ணெயும் ஒரு லீற்றரில் ஏறத்தாழ ஒரே நிறையை உடையன. வேறுபடுவது பாகுநிலை, அதாவது திரவத்தின் ஒரு படை மற்றொரு படைமீது வழுக்கிச் செல்வதற்கு அத்திரவம் காட்டும் தடை. தேனுக்கும் நீருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மாட்டு வண்டியின் அச்சுக்கு மசகு இட்ட நம் முன்னோர், இரு திண்மப் பொருள்கள் ஒன்றையொன்று தேய்க்காதிருக்க இடையில் வழுக்கும் பொருளொன்று வேண்டும் என்பதை நன்கு அறிந்திருந்தனர். அப்பொருள் எவ்வாறு சுமையைத் தாங்குகின்றது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே விளங்கியது. 1883இல் இங்கிலாந்தில் பொசம்ப் ரவர் என்பவர் புகையிரத அச்சுகளின் போதிகைகளைப் பற்றிப் பரிசோதனைகள் நடத்தினார். எண்ணெய் விடுவதற்காகப் போதிகையின் மேற்பகுதியில் அவர் துளையிட்டார். அச்சுச் சுழன்றபோது எண்ணெய் அத்துளை வழியே மேலெழுந்து வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரச்செருகியால் அடைத்தார், அதுவும் தள்ளப்பட்டது. அங்கே அமுக்கமானியைப் பொருத்தியபோது, போதிகை தாங்கிய சராசரிச் சுமையமுக்கத்திலும் மிகுந்த அமுக்கம் எண்ணெயில் இருந்தமை தெரியவந்தது. அச்சு உலோகத்தின்மீது தங்கியிருக்கவில்லை. எண்ணெய்ப் படலத்தின்மீது மிதந்துகொண்டிருந்தது. 1886இல் ஒஸ்போன் ரெனோல்ட்ஸ் இதற்குரிய கணிதக் கோட்பாட்டை வகுத்தார். சுழலும் தண்டு எண்ணெயைக் குறுகும் இடைவெளியினுள் இழுத்துச் செல்கின்றது. பாகுநிலை காரணமாக அவ்வெண்ணெய் எளிதில் வெளியேற இயலாது அமுக்கம் பெறுகின்றது. அவ்வமுக்கமே தண்டைத் தூக்கிப் பிடிக்கின்றது.

இக்கோட்பாட்டின் சாரத்தை ஒரு கணியத்தில் அடக்கலாம். பாகுநிலையைச் சுழற்சி வேகத்தாற் பெருக்கிச் சுமையமுக்கத்தால் வகுத்தால் கிடைக்கும் பெறுமானமே படலத்தின் தடிப்பை நிர்ணயிக்கின்றது. 1902இல் ஜேர்மனியரான ஸ்ரிபெக் வெளியிட்ட ஆய்வுகள் இப்பெறுமானத்துக்கும் உராய்வுக்கும் உள்ள உறவைத் தெளிவாக்கின. பெறுமானம் பெரிதாயின் படலம் தடிப்பாகும், உலோகங்கள் தீண்டா, ஆனால் எண்ணெயைக் கலக்குவதில் ஆற்றல் வீணாகும். பெறுமானம் குறையக் குறைய உராய்வும் குறையும். ஆயினும் குறித்தவோர் எல்லைக்குக் கீழே படலம் கிழிந்து உலோகம் உலோகத்தைத் தீண்டுகின்றது. உராய்வு திடீரென ஏறுகின்றது. சிக்கனம் விரும்பும் வடிவமைப்பாளர் இப்பள்ளத்தின் அடிக்கு அண்மையில் எஞ்சினை ஓட்ட விழைகின்றார். அதன் மறுகரையிலேயே அழிவு நிற்கின்றது. எண்ணெய்த் தெரிவு என்பது இவ்விரண்டுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி விடுவது என்ற தீர்மானமேயாகும்.

2. தரவெண்கள் கூறுவனவும் கூறாதனவும்

அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் கழகம் 1911இல் எண்ணெய்களைப் பாகுநிலைக்கேற்ப வகைப்படுத்தத் தொடங்கியது. இன்று 'ஜே 300' எனப்படும் அக்கழகத்தின் நியமமே உலகெங்கும் வழங்குகின்றது. இதன்படி 'டபிள்யூ' என்னும் எழுத்துக்கு முன்னுள்ள எண் குளிர்நிலை நடத்தையையும், பின்னுள்ள எண் வெப்பநிலை நடத்தையையும் குறிக்கும். அவ்வெழுத்து ஆங்கிலத்தில் மாரிகாலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. 5டபிள்யூ எண்ணெய் பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகை செல்சியஸிலும், 15டபிள்யூ எண்ணெய் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையிலும் எஞ்சினைத் தொடக்கக்கூடியனவா என்று சோதிக்கப்படுகின்றன. வெப்பவலய நாடொன்றில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாடு நேரடிப் பயன் அற்றது. ஆயினும் மறைமுகமாக அது முக்கியமானது. காரணம் பின்னர் கூறப்படும்.

இரண்டாவது எண் 100 பாகையில் அளக்கப்படும் பாகுநிலையைக் குறிக்கின்றது. சென்ரிஸ்ரோக்ஸ் அலகில், இருபதாந் தரம் 6.9 முதல் 9.3 வரையிலும், முப்பதாந் தரம் 9.3 முதல் 12.5 வரையிலும், நாற்பதாந் தரம் 12.5 முதல் 16.3 வரையிலும், ஐம்பதாந் தரம் 16.3 முதல் 21.9 வரையிலும் அமையும். இவை புள்ளிகள் அல்ல, வீச்சுகள் என்பதைக் கவனித்தல் வேண்டும். 12.6 பெறுமானமுடைய நாற்பதாந் தர எண்ணெய், 16.2 பெறுமானமுடைய தன் இனத்து எண்ணெயைவிட, 12.4 பெறுமானமுடைய முப்பதாந் தர எண்ணெய்க்கே நெருங்கியது. கலத்தின்மீதுள்ள எண் எண்ணெயின் குலத்தைக் கூறுகின்றதேயன்றி அதன் குணத்தை முற்றாகக் கூறுவதில்லை.

இன்னும் பாரதூரமான குறைபாடொன்று உண்டு. 100 பாகைப் பாகுநிலை, எண்ணெய் ஒரு நுண்குழாய் வழியே தன் நிறையால் மெல்ல வடியும்போது அளக்கப்படுகின்றது. எஞ்சினின் உள்ளே நிலைமை அதுவன்று. 50 மில்லிமீற்றர் விட்டமுடைய கிராங்குத் தண்டின் கழுத்து நிமிடத்துக்கு 7,000 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். அதன் மேற்பரப்பு செக்கனுக்கு 18 மீற்றர் வேகத்திற் செல்லும். அதற்கும் போதிகைக்கும் இடையிலுள்ள ஆரை இடைவெளி 0.025 மில்லிமீற்றர் எனின், எண்ணெய்ப் படலத்தின் கொய்வு வீதம் செக்கனுக்கு ஏறத்தாழ ஏழு இலட்சம். படலம் மிக மெலியும் இடத்தில் அது பல மில்லியனை எட்டும்.

இத்தகைய கொய்வின்போது பலதர எண்ணெய்களில் ஒரு மாற்றம் நிகழ்கின்றது. பலதர எண்ணெய் என்பது மெல்லிய அடிப்படை எண்ணெயோடு, பாகுநிலைச் சுட்டியை உயர்த்தும் பல்பகுதியங்களைச் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. நீண்ட சங்கிலிகளாகிய இம்மூலக்கூறுகள் வெப்பத்தில் விரிந்து பாகுநிலை வீழ்ச்சியை ஈடுசெய்கின்றன. கடுங்கொய்வில் இச்சங்கிலிகள் ஓட்டத்தின் திசையில் வரிசையாகப் படிந்துவிட, பாகுநிலை தற்காலிகமாகக் குறைகின்றது; நெடுநேரக் கொய்வில் அவை அறுபட, குறைவு நிரந்தரமாகின்றது. இதனாலேயே 150 பாகையில், செக்கனுக்கு ஒரு மில்லியன் கொய்வு வீதத்தில் அளக்கும் சோதனை நியமத்தில் இடம்பெற்றது. இதனை உயர்வெப்ப உயர்கொய்வுப் பாகுநிலை எனலாம். மில்லிபஸ்கால்-செக்கன் அலகில் இருபதாந் தரத்துக்கு இதன் கீழெல்லை 2.6, முப்பதாந் தரத்துக்கு 2.9; நாற்பதாந் தரத்தில் 0டபிள்யூ, 5டபிள்யூ, 10டபிள்யூ வகைகளுக்கு 3.5, 15டபிள்யூவும் அதற்கு மேற்பட்ட வகைகளுக்கும் 3.7. ஐம்பதாந் தரத்துக்கும் நியமம் விதிக்கும் கீழெல்லை 3.7 மட்டுமே என்பது கவனத்துக்குரியது. தடச் செலுத்துகைக்கு எண்ணெய் தெரிவோர் கலத்தின் முகப்பை விடுத்துத் தயாரிப்பாளரின் தரவுத்தாளில் இப்பெறுமானத்தைத் தேடுதல் வேண்டும்.

3. தடத்தில் நிகழ்வது

வீதியில் எண்ணெய்ச் சட்டியின் வெப்பநிலை பெரும்பாலும் 90 முதல் 105 பாகை வரையில் நிற்கும். தடத்தில் அது 120 முதல் 140 பாகை வரை உயர்வது அரிதன்று. போதிகையினுள்ளும் பிஸ்டன் வளையங்களின் அருகிலும் எண்ணெய் இதனினும் பல பாகைகள் கூடுதலாக வெப்பமுறும். காரணம் தெளிவு. போதிகையில் உராய்வால் உண்டாகும் வெப்பம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அதிகரிக்கின்றது. நிமிடத்துக்கு 2,500 சுற்றுகளில் ஓடும் எஞ்சின் 7,000 சுற்றுகளில் ஓடின், ஏனையவை மாறாதிருக்க, அவ்வெப்பம் ஏறத்தாழ எட்டு மடங்காகும். இதனோடு தகனத்தின் வெப்பமும் பிஸ்டனைக் குளிர்விக்கும் எண்ணெய்த் தாரைகள் கொண்டுவரும் வெப்பமும் சேர்கின்றன.

இவ்வெப்பம் பாகுநிலையை எவ்வளவு குறைக்கின்றது? பாகுநிலைக்கும் வெப்பநிலைக்கும் உள்ள உறவைக் கூறும் வோல்தரின் சமன்பாட்டைக் கொண்டு, சந்தையிற் பொதுவாகக் காணப்படும் நான்கு வகை எண்ணெய்களுக்கு நாம் கணித்த பெறுமானங்கள் சென்ரிஸ்ரோக்ஸ் அலகில் வருமாறு:

5டபிள்யூ-20: 100 பாகையில் 8.4, 120 பாகையில் 5.8, 140 பாகையில் 4.2.
5டபிள்யூ-30: 100 பாகையில் 10.5, 120 பாகையில் 7.1, 140 பாகையில் 5.2.
5டபிள்யூ-40: 100 பாகையில் 13.5, 120 பாகையில் 9.2; 140 பாகையில் 6.6.
15டபிள்யூ-50: 100 பாகையில் 18.0, 120 பாகையில் 11.8, 140 பாகையில் 8.2.

இவ்வெண்களை ஊன்றி நோக்கின் ஓர் உண்மை புலனாகும். 140 பாகையில் ஐம்பதாந் தர எண்ணெய், 100 பாகையில் இருபதாந் தர எண்ணெய் கொண்டுள்ள பாகுநிலையைத்தானும் முழுமையாகக் கொண்டிருப்பதில்லை. மேலும், முப்பதாந் தரம் 100 பாகையிற் காட்டும் 10.5 என்ற பெறுமானத்தை நாற்பதாந் தரம் ஏறத்தாழ 112 பாகையிலும், ஐம்பதாந் தரம் ஏறத்தாழ 127 பாகையிலும் காட்டுகின்றன. அதாவது தரவெண்ணில் ஒரு படி ஏறுவதும், எண்ணெயின் வெப்பநிலையை 12 முதல் 15 பாகை வரை குறைப்பதும் பாகுநிலையைப் பொறுத்தமட்டில் ஒரே பயனைத் தருவன. எண்ணெய்த் தெரிவு பற்றிய வாதங்களிற் பெரும்பகுதி இவ்வொரு வாக்கியத்தில் தீர்ந்துவிடும் என்பது எமது கருத்து.

வெப்பத்தோடு வேறிரு காரணிகளும் சேர்கின்றன. ஒன்று, எரிபொருட் கலப்பு. செறிவான கலவையோடு முழு ஆற்றலில் ஓடும் எஞ்சினில், சிறப்பாகப் பெற்றோலை நேரடியாக உருளையினுட் செலுத்தும் வகையில், சிறிதளவு பெற்றோல் வளையங்களைக் கடந்து எண்ணெயிற் கலக்கின்றது. சில நூற்றுவீதக் கலப்பே பாகுநிலையைக் கணிசமாகக் குறைக்கப் போதும். மற்றது, ஒட்சியேற்றம். வெப்பநிலை பத்துப் பாகை உயர, ஒட்சியேற்ற வீதம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது இரசாயனத்தின் பொது விதி. வீதியில் 10,000 கிலோமீற்றர் உழைக்கும் எண்ணெய் தடத்தில் சில நாட்களில் முதுமை எய்துவது இதனாலேயே.

அதிவேகத்தில் சுழற்சி கூடுவதால் படலமும் தடிக்கும் அன்றோ எனச் சிலர் வினவலாம். மேற்கூறிய கணியத்தில் வேகம் பெருக்கியாக அமைவது உண்மையே. ஆயின் உயர்வேகங்களில் பிஸ்டனும் இணைப்புத் தண்டும் முன்னும் பின்னும் எறியப்படுவதால் எழும் சடத்துவச் சுமை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்கின்றது. வேகம் தரும் நன்மையை அதன் வர்க்கம் விழுங்கிவிடுகின்றது. மறுபுறம், சுமையேற்றிய லொறியொன்று மலைவீதியில் மெல்ல ஏறும்போது சுமை மிகுந்தும் வேகம் குறைந்தும் இருப்பதால், படலம் வேறொரு வழியால் மெலிகின்றது. பந்தயக்காரரும் லொறிச் சாரதியும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து ஒரே ஆபத்தை அணுகுகின்றனர்.

4. எண்ணை நிர்ணயிப்போர் யாவர்?

கைந்நூல் கூறும் எண் எஞ்சினின் இயல்பிலிருந்து மட்டும் பிறந்ததென நம்புதல் பேதைமை. அமெரிக்காவில் 1975இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, ஒவ்வொரு தயாரிப்பாளரும் விற்கும் வாகனங்களின் சராசரி எரிபொருட் சிக்கனத்துக்கு 1978 மாதிரியாண்டு முதல் எல்லை விதித்தது. எண்ணெயை ஒரு தரம் மெலிதாக்குவதால் ஒரு வாகனத்திற் கிடைக்கும் எரிபொருட் சேமிப்பு ஏறத்தாழ ஒரு நூற்றுவீதமோ அதனினும் குறைவோ ஆகும். தனியொருவருக்கு இது அற்பம். பல மில்லியன் வாகனங்களை விற்கும் நிறுவனத்துக்கோ இது சட்டத்தின் எல்லையைத் தாண்டுவதற்கும் தாண்டாமைக்கும் உள்ள வேறுபாடாகலாம். 2001 மாதிரியாண்டு முதல் ஃபோர்ட் நிறுவனம் தன் வாகனங்கள் பலவற்றுக்கு 5டபிள்யூ-20 எண்ணெயைப் பரிந்துரைக்கத் தொடங்கியமையும், பின்னர் 0டபிள்யூ-20 பரவியமையும், 2013இல் பதினாறாந் தரமும் 2015இல் பன்னிரண்டாம், எட்டாந் தரங்களும் நியமத்திற் சேர்க்கப்பட்டமையும் இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளப்பட வேண்டியவை.

இதனை நிறுவனங்களின் சூழ்ச்சியெனக் கூறி ஒதுக்குவதும் நேர்மையாகாது. எரிபொருளைச் சேமிப்பதும் வளிமண்டலத்திற் சேரும் காபனீரொட்சைட்டைக் குறைப்பதும் சமூகத்தின் நலனே. மெல்லிய எண்ணெய்க்கென வடிவமைக்கப்பட்ட எஞ்சின்கள் சாதாரண பாவனையில் நெடுங்காலம் உழைப்பதும் உண்மையே. நாம் வலியுறுத்துவது, அவ்வெண் ஒரு சமரசம் என்பதையே. சமூகம் கோரும் சிக்கனம், நிறுவனம் கோரும் செலவுக் குறைப்பு, உரிமையாளர் கோரும் நீடித்த உழைப்பு ஆகிய மூன்றும் சாதாரண பாவனை என்னும் நிபந்தனையின் கீழ் உடன்பட்ட இடமே அது. நிபந்தனை மாறின் உடன்பாடும் மாறியாக வேண்டும்.

நிறுவனங்களே இதனை ஒப்புக்கொண்டுள்ளன. ஃபோர்ட்டின் 5.0 லீற்றர் எஞ்சின் கொண்ட சாதாரண மஸ்டாங் ஜீ.ரீ. வாகனத்துக்கு 5டபிள்யூ-20 விதிக்கப்பட்டது. அதே எஞ்சினிலிருந்து தடப் பாவனைக்கென வளர்க்கப்பட்டு, 2012, 2013 மாதிரியாண்டுகளில் வெளிவந்த பொஸ் 302 வாகனத்துக்கோ 5டபிள்யூ-50 விதிக்கப்பட்டது. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஏழாந் தலைமுறைக் கொர்வெற் வாகனத்தின் கைந்நூல் இதனினும் வெளிப்படையானது. வீதியில் 5டபிள்யூ-30 பாவிக்க வேண்டும். தடத்துக்குச் செல்லுமுன் அதனை வடித்து 15டபிள்யூ-50 ஊற்ற வேண்டும். திரும்பிய பின் மீண்டும் மாற்ற வேண்டும் என்று அது கூறியது. 2019 மாதிரியாண்டில் இவ்விரண்டின் இடத்தையும் 0டபிள்யூ-40 என்ற ஒரே எண்ணெய் பிடித்தது. ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் உயர்சுழற்சி எம் வகை எஞ்சின்கள் சிலவற்றுக்கு 10டபிள்யூ-60 எண்ணெயை விதித்தமையும் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

அண்மைய நிகழ்வொன்று இவ்வாதத்துக்குத் தடத்துக்கு வெளியேயும் சான்று பகர்கின்றது. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டோர்ஸ், 6.2 லீற்றர் எஞ்சின் பொருத்தப்பட்ட 2021 முதல் 2024 வரையான மாதிரியாண்டுகளின் வாகனங்களில், அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ ஆறு இலட்சத்தை மீள அழைத்தது. கிராங்குத் தண்டிலும் இணைப்புத் தண்டிலும் ஏற்பட்ட உற்பத்திக் குறைபாடுகளே காரணமெனக் கூறப்பட்டது. பரிசோதனையில் தேறிய எஞ்சின்களுக்கு விதிக்கப்பட்ட பரிகாரங்களுள் ஒன்று, முன்பு விதித்த 0டபிள்யூ-20க்குப் பதிலாக 0டபிள்யூ-40 ஊற்றுவதும், அவ்வெண் பொறித்த புதிய மூடியை இடுவதுமாகும். குறைபாடு எண்ணெயிலன்று, உலோகத்திலேயே இருந்தது. ஆயினும் தடித்த படலம் அக்குறைபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் இடைவெளியை அளிக்கும் என்பதை இப்பரிகாரம் உணர்த்துகின்றது. மெல்லிய எண்ணெய் துல்லியமான உற்பத்தியையும் கட்டுப்பட்ட வெப்பநிலையையும் முன்னிபந்தனையாகக் கொள்கின்றது. அவற்றுள் ஒன்று தவறின் இழப்பைச் சுமப்பவர் பெரும்பாலும் வாகனத்தைப் பாவிப்பவரே.

5. தடித்ததே சிறந்ததா?

மேற்கூறியவற்றால், எவ்வளவு தடித்த எண்ணெயோ அவ்வளவு பாதுகாப்பு என முடிவுசெய்வோர் மற்றொரு பிழையைச் செய்வோராவர். தடித்த எண்ணெய் போதிகையிற் கூடுதலான வெப்பத்தைத் தானே உண்டாக்கும். அவ்வெப்பம் அதனை மீண்டும் மெலியச் செய்யும். எனவே பாகுநிலையில் நாம் கூட்டியதன் ஒரு பகுதியை எண்ணெய் தானே கழித்துவிடும். எண்ணெய்ப் பம்பியின் அமுக்கம் குறித்த எல்லையைத் தாண்டியதும் விடுவிப்பு வால்வு திறந்து, எண்ணெயின் ஒரு பகுதியைப் போதிகைகளுக்கு அனுப்பாமலே திருப்பிவிடும். அமுக்கமானியின் முள் உயர்ந்து நிற்பதைக் கண்டு மகிழ்வோர், அமுக்கமும் ஓட்டமும் ஒன்றல்ல என்பதை மறந்துவிடுகின்றனர். போதிகையைக் குளிர்விப்பது எண்ணெயின் ஓட்டமே.

மேலும், வால்வுகளின் நேரத்தை எண்ணெயமுக்கத்தால் மாற்றும் நுண்கருவிகள் குறித்த பாகுநிலைக்கெனவே அளவிடப்பட்டவை. தடித்த எண்ணெய் தன்னுட் சிக்கிய காற்றுக் குமிழிகளை மெல்லவே விடுவிக்கும். குமிழி நிறைந்த எண்ணெய் சுமை தாங்காது. குளிர்ந்த எஞ்சினை உடனே உயர்வேகத்திற் செலுத்துதல், அறுபதாந் தர எண்ணெயோடு இன்னும் ஆபத்தானது. போர்முலா ஒன்று பந்தய எஞ்சின்கள் மெல்லிய எண்ணெய்களைப் பாவிக்கின்றன என்பதை எதிர்வாதமாகக் கூறுவோரும் உளர். அவை நுண்ணிய இடைவெளிகளோடு அமைக்கப்பட்டு, தொடக்குமுன் நீரும் எண்ணெயும் சூடாக்கப்பட்டு, ஓடும்போது வெப்பநிலை கண்காணிக்கப்படுவன. அவ்வெஞ்சினின் எண்ணெயை மட்டும் எடுத்து, அதன் ஏனைய ஏற்பாடுகளை விடுதல் பொருந்தாது.

பாகுநிலையால் தீராத குறைகளும் உண்டு. நீண்ட வளைவுகளில் எண்ணெய் சட்டியின் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்பியின் வாய் காற்றை உறிஞ்சுமாயின், எந்தத் தரவெண்ணும் போதிகையைக் காப்பாற்றாது. அதற்குச் சட்டியினுள் தடுப்புத் தகடுகளோ உலர்சட்டி அமைப்போ வேண்டும். முற்காலப் பந்தயங்களிலும் விமான எஞ்சின்களிலும் ஆமணக்கெண்ணெய் போற்றப்பட்டது. 1909இல் இங்கிலாந்தில் தோன்றிய காஸ்ட்ரோல் என்னும் பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது. உயர்வெப்பத்தில் அதன் படலம் வலியது. பெற்றோலில் அது எளிதிற் கரைவதுமில்லை. ஆயினும் வெப்பத்தில் பிசினாகிப் படியும் இயல்பினால் அது கைவிடப்பட்டது. படலத்தின் வலிமை எண்ணெயின் ஒரே கடமையன்று என்பதற்கு அதுவே சான்று.

6. தெரிவுக்கான நெறி

இதுவரை கூறியவற்றிலிருந்து நடைமுறை நெறியொன்றை வகுக்கலாம்.

முதலாவது, அளத்தல். எண்ணெயின் வெப்பநிலையை அறியாது எண்ணெயைத் தெரிதல், காய்ச்சலை அளக்காது மருந்து கொடுப்பதை ஒக்கும். குளிராக்கி நீரின் வெப்பமானி எண்ணெயின் நிலையைக் காட்டாது. எண்ணெய்ச் சட்டியிலோ வடிகட்டியின் அருகிலோ உணரியைப் பொருத்தி, தடத்தில் இருபது நிமிடங்களின் பின் வெப்பநிலை எங்கு நிலைபெறுகின்றது எனக் காணல் வேண்டும்.

இரண்டாவது, ஒப்பிடல். 5டபிள்யூ-30க்கென அமைந்த எஞ்சினில் தட வெப்பநிலை 125 பாகையில் நிலைபெறுகின்றது எனக் கொள்வோம். முப்பதாந் தரத்தின் பாகுநிலை அங்கு 6.5 ஆகும், 100 பாகையில் இருந்த 10.5இல் ஏறத்தாழ 38 நூற்றுவீதம் குறைந்துவிட்டது. நாற்பதாந் தரம் ஊற்றின் 8.4 கிடைக்கும், குறைவு 20 நூற்றுவீதம். ஐம்பதாந் தரம் ஊற்றின் குறைவே இராது; ஆயின் வீதியிலும் தொடக்கத்திலும் அது மிகையாகும். நாற்பதாந் தரத்தோடு எண்ணெய்க் குளிராக்கி ஒன்றைச் சேர்த்து வெப்பநிலையை 112 பாகைக்கு இறக்கின் இழப்பு முற்றாக ஈடுசெய்யப்படும். எண்ணெயின் ஒட்சியேற்றமும் பாதிக்கும் கீழாகக் குறையும். இவ்விறுதி வழியே நாம் பரிந்துரைப்பது.

மூன்றாவது, தரவுத்தாளை நோக்கல். தடச் செலுத்துகைக்கு உயர்வெப்ப உயர்கொய்வுப் பெறுமானம் 3.5க்குக் குறையாதிருத்தல் நன்று. இப்பெறுமானம் சமமாயிருக்கும் இரு எண்ணெய்களுள், இரு எண்களுக்கும் இடைப்பட்ட தூரம் குறைந்ததைத் தெரிதல் வெப்பநாட்டவர்க்கு ஏற்றது. 5டபிள்யூ-50ஐ விட 15டபிள்யூ-50க்குப் பல்பகுதியம் குறைவாகத் தேவைப்படும். குறைவாக இருப்பது குறைவாகவே அறுபடும். முதலெண்ணின் மறைமுக முக்கியத்துவம் என முன்னர் குறிப்பிட்டது இதுவே. அடிப்படை எண்ணெய் தன்னியல்பில் உயர்ந்த பாகுநிலைச் சுட்டியுடைய தொகுப்பு எண்ணெயாயின் இவ்வேறுபாடு சுருங்கும்.

நான்காவது, எல்லையறிதல். கைந்நூல் அனுமதிக்கும் வீச்சில் ஒரு படி ஏறுதல் பெரும்பாலும் தீங்கற்றது. இரு படிகள் ஏறுமுன் எஞ்சினின் போதிகை இடைவெளியையும் தயாரிப்பாளரின் தடக் குறிப்புகளையும் ஆராய்தல் வேண்டும். நல்ல தொகுப்பு எண்ணெயும் 140 பாகையைத் தாண்டி நிலைபெறுமாயின், வேண்டுவது வேறு எண்ணெயன்று, குளிர்விக்கும் ஏற்பாடே. அது பொருத்தப்படும்வரை ஓட்டத்தின் நேரத்தைக் குறைத்தலே வழி.

ஐந்தாவது, கண்காணித்தல். வெப்பமுற்ற எஞ்சினில் ஒவ்வோர் ஆயிரம் சுற்றுக்கும் ஏறத்தாழ 10 இறாத்தல் அமுக்கம் வேண்டும் என்பது பழைய பந்தயத் தொழில்நுட்பவியலாளரின் அனுபவ விதி. எஞ்சினுக்கு எஞ்சின் மாறுபடும் இவ்விதியை விட, அதே எஞ்சினில் அதே வெப்பநிலையில் அமுக்கம் முன்னையதிலும் குறைந்துள்ளதா என்பதே நம்பத்தக்க அறிகுறி. எண்ணெய் மட்டத்தை மேலெல்லையில் வைத்தலும், சில தட நாட்களுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுதலும் விலையுயர்ந்த எண்ணெயைத் தேடுவதினும் பயனுடையன.

முடிவுரை

இலங்கை வீதிகளில் ஓடும் மோட்டார் வாகனங்களுட் கணிசமானவை யப்பானில் பாவிக்கப்பட்டபின் இங்கு கொண்டுவரப்பட்டவை. அவற்றின் மூடியில் 0டபிள்யூ-20 எனப் பொறித்திருக்கும். அக்கட்டளை யப்பானியக் காலநிலைக்கும் வீதிக்கும் சிக்கன விதிகளுக்கும் உரிய விடை. நமது வெப்பத்திலும் சாதாரண பாவனையில் அது பிழையாகாது. எண்ணெயின் வெப்பநிலையை வெளிக்காற்றினும் எஞ்சினின் உழைப்பே கூடுதலாக நிர்ணயிக்கின்றது. ஆயின் அவ்வாகனம் சுமையோடு மலையேறும்போதோ, பந்தயத் தடத்தில் இறங்கும்போதோ, முதுமையால் அதன் இடைவெளிகள் அகன்றபோதோ, விடையை மீளக் கணிக்க வேண்டியுள்ளது.

தரவெண்ணை வேதவாக்காகக் கொள்வோரும், அதனை வியாபாரிகளின் ஏமாற்றென இகழ்வோரும் ஒரே பிழையையே செய்கின்றனர். இருவரும் அவ்வெண் எவ்வாறு பிறந்தது என வினவுவதில்லை. வெப்பமானி, தரவுத்தாள், சிறிதளவு கணிதம் ஆகிய மூன்றும் கைவரப்பெற்றவர், உற்பத்தியாளரோ விற்பனையாளரோ தமக்குரிய நிலைமையை அறிந்து விடை கூறுவர் எனக் காத்திருக்க வேண்டியதில்லை. இவ்வறிவு பொறியியற் பீடத்தோடு நின்றுவிடாது, எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் தொழிலாளியையும் அதனைச் செலுத்தும் சாரதியையும் அவர்களின் மொழியிலேயே சென்றடைதல் வேண்டும். எஞ்சின் பிழைத்தால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் அவர்களே.